ஆக்ஸிமீட்டர் 98 காட்டுகிறது. பிறகு ஏன் மூச்சு வாங்குகிறது?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.1, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 66, சிவப்பணு எண்ணிக்கை 3.9 என்று வந்தது. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதினார். ஆனால் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 98 காட்டுகிறது. "ஆக்ஸிஜன் சரியாக இருக்கிறது, புரோட்டீனும் என்சைமும்தான் குறைவு" என்று தெரிந்தவர் ஒருவர் 2,400 ரூபாய்க்குப் பவுடர் டப்பா கொடுத்திருக்கிறார். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று மகள் நிறுத்திவிட்டாள். பவுடர் மட்டும் போதுமா?

பதில்: போதாது அம்மா. பவுடரை இன்றே நிறுத்தினாலும் நஷ்டமில்லை. மாத்திரையை மறுபடி தொடங்க வேண்டும்.

முதலில் அந்த 98. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜனை ஏற்றிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும்தான் அந்தக் கருவி சொல்லும். ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிற லாரி ஒவ்வொன்றும் நிறைந்துதான் வருகிறது. ஆனால் 13 லாரி வர வேண்டிய தெருவுக்கு 8 தான் வந்திருக்கிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்ஸிஜனைத் தாங்கும். ஹீமோகுளோபின் 13 இருந்தால் 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 17 மில்லி ஆக்ஸிஜன் போகும். உங்கள் மகளுக்குப் போவது பத்தரை மில்லிதான். உட்கார்ந்திருக்கும்போது அது போதும், மாடி ஏறும்போது போதவில்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது.

அடுத்து புரோட்டீன். ஹீமோகுளோபினும் ஒரு புரோட்டீன்தான். நான்கு சங்கிலிகளாக 574 அமினோ அமிலங்கள், நடுவே 4 இரும்பு அணுக்கள். ஆக்ஸிஜன் போய் உட்காருவது அந்த இரும்பில். 574 அமினோ அமிலங்களை வீட்டுப் பருப்பும் முட்டையும் சுண்டலும் மோரும் கொடுத்துவிடும். உங்கள் மகளிடம் இல்லாதது அந்த 4 இரும்பு அணுக்கள். இல்லாததை விட்டுவிட்டு இருப்பதை டப்பாவில் அடைத்து விற்கிறார்கள்.

என்சைம் என்பதும் பெரும்பாலும் புரோட்டீனே. வாயால் விழுங்கினால் இரைப்பையிலும் சிறுகுடலிலும் துண்டு துண்டாக உடைந்து, சுண்டல் போன வழியேதான் போகும். அப்படியே ரத்தத்துக்குள் போய் வேலை செய்யாது. ஹீம் வளையத்தில் (ஹீமோகுளோபினுக்குள் இரும்பு உட்காரும் இடம்) இரும்பைப் பொருத்தும் என்சைம் உங்கள் மகளின் எலும்பு மஜ்ஜையிலேயே இருக்கிறது, பொருத்துவதற்கு இரும்பு கிடைக்காமல். இந்த ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும்: சிவப்பணுக்கள் சிறுத்து, நடுவெல்லாம் வெளிறி, ஓரத்தில் மட்டும் மெல்லிய சிவப்புக் கோடு, உடைந்த கண்ணாடி வளையலைப் பரப்பி வைத்த மாதிரி. வாரத்தில் எத்தனையோ தகடுகள் இப்படி. பலருடைய வீட்டில் பாதி தீர்ந்த டப்பா ஒன்று இருக்கும். விற்பவர் அத்தையாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார், மறுக்க முடியாது. அவருக்குக் கமிஷன் வருகிறது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஆய்வகத்திலிருந்து போன் செய்து "80 டெஸ்ட் பேக்கேஜ், சலுகை விலை" என்பவர்களிடமும் அப்படியே. உங்களுக்கு வேண்டியது ஃபெரிட்டின் என்ற ஒரே ஒரு டெஸ்ட். அது 15-க்குக் கீழே இருந்தால் இரும்பு இருப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இரும்பு போட்டும் ஹீமோகுளோபின் ஏறாத ஒரு நிலை உண்டு. இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் விரிவாகவே சொல்கிறேன். பெற்றோரில் ஒருவரிடமிருந்து தலசீமியாக் கூறு (ஹீமோகுளோபின் சங்கிலியைக் குறைவாக உருவாக்கும் மரபணுக் குறை) வந்தவர்களுக்கும் சிவப்பணு சிறுத்தே இருக்கும். வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குவார்கள், பலன் இருக்காது. வித்தியாசம் தெரிய எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்போம். 13-க்குக் கீழே வந்தால் தலசீமியாவைச் சந்தேகிக்கலாம். உங்கள் மகளுக்கு 66-ஐ 3.9-ஆல் வகுத்தால் 17 வருகிறது. அதாவது இரும்புக் குறைவுதான் என்று பெரும்பாலும் நம்பலாம். இது ஊகக் கணக்கு, உறுதி கிடையாது. இரும்பு நிரம்பிய பிறகும் எம்.சி.வி. ஏறாவிட்டால் ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரெசிஸ் (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் டெஸ்ட்) செய்யச் சொல்லுங்கள். இப்போதே செய்ய வேண்டாம்; இரும்பு குறைந்திருக்கும்போது அந்த டெஸ்ட் கூறை மறைத்துக் காட்டக்கூடும். கூறு இருப்பவருக்குப் பெரிய தொந்தரவு இராது. ஆனால் கணவன், மனைவி இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்குக் கடும் தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஜாதகம் பார்க்கிற வீடுகள் இதையும் பார்க்க வேண்டும்.

சரி, மாத்திரை. வயிற்றைப் புரட்டினால் நிறுத்த வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்; அப்படிப் போட்டாலும் உடம்பு நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும். எலுமிச்சைச் சாறோடு போடலாம். டீ, காபிக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். இந்த நாலு வரியைச் சொல்ல நம் மருத்துவமனைகளில் ஒருவருக்கும் நேரமில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இலவச மாத்திரை கொடுத்ததும் பதிவேட்டில் கணக்கு ஏறிவிடுகிறது. அந்தப் பெண் அதை விழுங்கினாளா, விழுங்கி வாந்தி எடுத்தாளா என்று யாரும் போய்க் கேட்பதில்லை. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நாலு வாரம் கழித்து ஹீமோகுளோபினை மட்டும் திரும்பப் பாருங்கள். ஒன்று, இரண்டு கிராம் ஏறியிருக்க வேண்டும். சரியான அளவுக்கு வந்த பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். அப்போதுதான் இருப்பு நிரம்பும். அப்புறம், மகளிடம் தனியாக உட்கார்ந்து மாதவிடாய் எத்தனை நாள் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் படுகிறதா என்று கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். இரும்பு எங்கே போகிறது என்பது பெரும்பாலும் அதில்தான் தெரியும். சும்மா படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ, மயங்கி விழுந்தாலோ, நாலு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுங்கள்.