மில்லுல சும்மா தர்ற உமிச்சாம்பலை சிமெண்ட்ல கலக்கலாமா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுக்குப் பக்கத்துலயே புழுங்கல் அரிசி மில்லு இருக்கு சார். பாய்லர் சாம்பலை லோடு லோடா வெளிய கொட்டறாங்க, கேட்டா சும்மாவே எடுத்துட்டுப் போங்கங்கறாங்க. மாடியில ஒரு ரூம் எடுக்கறோம், சிமெண்டுக்குப் பாதிக்குப் பாதி இதைப் போட்டா காசு மிச்சம்னு கொத்தனார் சொல்றாரு. நம்பி போடலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: பாதிக்குப் பாதி வேண்டவே வேண்டாம்மா. உமிச்சாம்பல் நல்ல சரக்குதான், ஆனா எப்படி எரிஞ்ச சாம்பல்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

1000 கிலோ நெல்லு அரைச்சா கிட்டத்தட்ட 200 கிலோ உமி வரும், அதை எரிச்சா 40 கிலோ சாம்பல் மிஞ்சும், அந்தச் சாம்பல்ல 85 சதவீதத்துக்கு மேல சிலிக்கா, அதாவது மணல்ல இருக்கற அதே பொருள். சிமெண்ட் இறுகும்போது அதுலேருந்து கொஞ்சம் சுண்ணாம்பு வேலையில்லாம வெளிய வரும் பாருங்க, நல்ல சாம்பல்ல இருக்கற சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைப் பிடிச்சுக்கிட்டு அதுவும் ஒரு பசையா மாறும், கலவை இன்னும் இறுக்கமாகும். ஆனா உமி 500லேருந்து 700 டிகிரிக்குள்ள நிதானமா எரிஞ்சிருந்தாத்தான் இது நடக்கும். அதுக்கு மேல சூடு ஏறிட்டா சிலிக்கா படிகமாயிடும், அப்புறம் அது வெறும் மணல் மாதிரிதான், சுண்ணாம்போட சேராது. சரியா எரியலைன்னா கரி நின்னுடும், சாம்பல் கறுப்பா இருக்கும். மில்லு பாய்லருக்கு வேண்டியது நீராவிதானே, சாம்பல் எப்படி வருதுன்னு யாரு பாக்கப் போறா? அதனால இந்த ரெண்டு கோளாறும் ஒரே குவியல்ல இருக்கும்.

எங்க சித்தப்பா மாட்டுக்கொட்டாய்க்கு இப்படித்தான் கறுப்புச் சாம்பலைக் கண்ணளவுல அள்ளிப் போட்டுப் பூசினாங்க. சாம்பல்ல பூரா நுண்ணு நுண்ணா ஓட்டை, அது தண்ணியக் குடிச்சுக்கிட்டே இருந்துச்சு, ஆளும் ஊத்திக்கிட்டே இருந்தாரு. அடுத்த மாசம் சுவத்துல கைய வெச்சா விரல்ல கறுப்பா மாவு ஒட்டுது, மாடு முதுகை உரசின எடமெல்லாம் உதிர்ந்து செங்கல் தெரிஞ்சுது.

அதனால முதல்ல சோதிச்சுப் பாருங்க. வெளுத்த சாம்பலா எடுத்து நல்லா அரைச்சு சலிச்சு, ஒரு பங்கு நீத்த சுண்ணாம்புக்கு ரெண்டு பங்கு சாம்பல்னு பிசைஞ்சு எலுமிச்சை அளவுக்கு உருட்டி, ஈரச்சாக்குல ஒரு வாரம் சுத்தி வைங்க. அப்புறம் தண்ணியில போடுங்க. கரைஞ்சு போச்சுன்னா அந்தச் சாம்பலைத் தொடாதீங்க, கெட்டியா நின்னா பூச்சு வேலைக்கு சிமெண்ட்ல 10 சதவீதம் வரைக்கும் மாத்திப் பாக்கலாம். இன்னொண்ணு, சிமெண்ட் மூட்டையை நல்லா பாருங்க, பிபிசி (PPC)ன்னு போட்டிருந்தா கம்பெனியிலேயே நிலக்கரிச் சாம்பல் கலந்துதான் வருது, அது மேல நீங்களும் சாம்பல் போடக்கூடாது. தளம், தூண், பீம் பக்கம் இதைக் கொண்டே போகாதீங்க. ஐஎஸ் 456ங்கற இந்திய கான்கிரீட் தர விதியில உமிச்சாம்பலை அனுமதிச்சிருக்காங்க, ஆனா தரம் ஒரே சீரா இருக்கணும், பொறுப்புள்ள அதிகாரி ஒப்புதலும் வேணும்னுதான் இருக்கு. மில்லுக் குவியல்ல அந்தச் சீர் கிடைக்காது. பூசினதுக்கப்புறம் 14 நாளாவது தண்ணி காட்டுங்க, சலிக்கும்போது மூக்கு வாயைக் கட்டிக்கணும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

சிமெண்ட் சூளை 1450 டிகிரி வரைக்கும் போகுது, அதுக்கு எரிபொருள் எக்கச்சக்கமா எரியும், அதனால ஒரு சட்டி சிமெண்ட் மிச்சமானாலும் எனக்கு சந்தோஷம்தான். வீடு நிக்கணுமே, அதான் இவ்வளவு சொல்றேன்.

கேள்வி: தாத்தா கட்டின மண்ணு வீட்டை இடிக்க மனசு வரல. சுவத்துல வைக்கோல் தெரியுது, கரையான் வந்துடாதா?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: இடிக்காதீங்க தம்பி. களிமண்ணு காயும்போது சுருங்கி வெடிக்கும், நறுக்கின வைக்கோல்தான் அதை இழுத்துப் பிடிச்சு வெச்சிருக்கு. நெல்லு வைக்கோல்லயும் சிலிக்கா ஜாஸ்தி, அதனால சட்டுனு மக்காது, மாடே மென்னு மென்னுதானே தின்னும். மண்ணுல வைக்கோலைப் போட்டு மிதிச்சு நாள் கணக்கா புளிக்க வெச்சதும் காரணமாத்தான், ஊறின வைக்கோல்லேருந்து ஒரு பிசுபிசுப்பு வரும், மண்ணு நல்லா ஒட்டும்.

கரையான் ஈரத்தைத் தேடித்தான் வரும். சுவத்தோட அடிக்கால்ல ஒரு சாண் உயரத்துக்கு ஈரம் ஏறியிருக்கான்னு தடவிப் பாருங்க, ஏறியிருந்தா சுத்திலும் தண்ணி வடிய வழி பண்ணுங்க, கூரை விளிம்பை ரெண்டு அடி வெளிய நீட்டுங்க. விரிசலுக்கு சிமெண்ட் பூசிடாதீங்க, உள்ள இருக்கற ஈரம் வெளிய வர முடியாம மண்ணு கரையும், பூச்சு பாளம் பாளமா வரும். அதே மண்ணு, அதே வைக்கோல், கொஞ்சம் உமி, அவ்ளோதான்.

கேள்வி: தென்னை நார்ல பண்ற பலகை வாங்கி பாத்ரூம் கதவு போடலாம்னு இருக்கேன். ஊறிடுமோன்னு பயமாவும் இருக்கு.
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: நார் சட்டுனு மக்காதும்மா, நார்ல லிக்னின்னு ஒரு கெட்டியான இயற்கைப் பொருள் ஜாஸ்தி, அதனாலதான் மட்டையை மாசக்கணக்குல தண்ணியில போட்டாலும் நார் தாங்குது. பயப்பட வேண்டியது பசைக்குத்தான். ஃபீனாலிக் பசைன்னா தண்ணி தாங்கும், யூரியா பசைன்னா ஊதிடும். கடையில ஒரு துண்டு கேட்டு வாங்கி வீட்டுல ரெண்டு மணி நேரம் கொதிக்க வைங்க, அடுக்கு பிரிஞ்சா வேண்டாம்னுடுங்க. கதவு மாட்டறதுக்கு முன்னாடி அடி விளிம்புக்கு ரெண்டு கோட்டிங் பெயிண்ட் கண்டிப்பா அடிக்கச் சொல்லுங்க, ஆசாரிங்க அங்கதான் விட்டுடறாங்க, அங்கேருந்துதான் தண்ணி ஏறும்.

கேள்வி: பசையே இல்லாம வைக்கோலை அமுக்கிப் பலகை பண்றாங்களாமே, நிஜமா? எங்க ஓட்டு வீட்டுக்கு அடியில சீலிங் போடலாமா?
- வாசகர், திருவையாறு

பதில்: நிஜம்தான். ஸ்வீடன்ல 1935லயே பண்ணிட்டாங்க. சுமார் 200 டிகிரி சூட்டுல வைக்கோலை அமுக்கினா அதுல இருக்கற லிக்னினே இளகிப் பசையாயிடுது, ரெண்டு பக்கமும் கனமான பேப்பர் ஒட்டிடுவாங்க. இறுக்கமா இருக்கறதால உள்ள காத்து போகாது, சட்டுனு தீப்பிடிக்காம மேலாக கருகும், வெயில் சூட்டையும் தடுக்கும். தடுப்புச் சுவருக்கும் சீலிங்குக்கும் நல்லா இருக்கும். ஆனா தண்ணி பட்டா போச்சு, அதனால முதல்ல உடைஞ்ச ஓடுங்களை எல்லாம் மாத்துங்க, ஒரு ஐப்பசி மழை பாத்து எங்கயும் ஒழுகலைன்னு தெரிஞ்சப்புறம் பலகைக்கு அளவு எடுங்க.