தொடரோட்டத்தை மட்டும் நம்பலாமா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் 400 மீட்டரை 50 வினாடியில் ஓடுகிறான். பள்ளி ரிலே அணியில் கடைசி ஆளாக ஓடி இரண்டு பேரை முந்தியதிலிருந்து, தனி ஓட்டம் வேண்டாம், ரிலே போதும் என்கிறான். அதில் பிழைப்பு உண்டா ஐயா?

பதில்: தனி ஓட்டத்தை விடவே கூடாது என்று சொல்லுங்கள். ரிலேவுக்கென்று தனியாக ஆள் எடுப்பதில்லை. 400 மீட்டரில் முன்னால் வருகிறவர்களில் இருந்துதான் இந்திய அணி அமைகிறது. 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் அனஸ், அமோஜ், அஜ்மல், ராஜேஷ் ரமேஷ் நால்வரும் ஆளுக்கு 400 மீட்டராக (4x400 ரிலே) 2 நிமிடம் 59.05 வினாடியில் ஓடி ஆசிய சாதனை படைத்தார்கள். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு 45 வினாடிக்கும் குறைவு! முதல் ஆளைத் தவிர மற்றவர்கள் ஓடத் தொடங்கிய பிறகே பேட்டனை (கைமாற்றும் குச்சியை) வாங்குவதால் கொஞ்சம் நேரம் மிச்சமாகும். அதைக் கழித்தாலும் தனி ஓட்டத்தில் 46 வினாடியாவது தொட வேண்டும்.

சோறு போடுவது வேலைதான். ராஜேஷ் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர், இன்னொரு ரிலே ஓட்டக்காரர் ஆரோக்கிய ராஜீவ் ராணுவ வீரர். விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்புகளில் அணிப் பதக்கத்துக்கு என்ன மதிப்பு, தனிப் பதக்கத்துக்கு என்ன மதிப்பு என்று வரி வரியாகப் படியுங்கள். பள்ளிச் சான்றிதழ் ஒன்றையும் தொலைத்துவிடாதீர்கள்.

பேட்டன் மாற்றுவது தனிக் கலை. 4x100இல் திரும்பிப் பார்க்காமலே கை நீட்டி வாங்குவார்கள். 4x400இல் அது ஆகாது. வருகிறவர் கடைசி 20 மீட்டரில் துவண்டுபோய் வருவார். அவர் வேகத்தைக் கண்ணால் அளந்து, அதற்கேற்பக் கிளம்பி, பெரும்பாலும் இடக்கையில் வாங்கி வலக்கைக்கு மாற்ற வேண்டும். அவசரப்பட்டுக் கிளம்பினால் எட்டாது, தாமதித்தால் இடிபடும். இதை உடல் களைத்த பிறகு பழக வேண்டும். பல பள்ளிகளில் காலையில் புத்துணர்ச்சியோடு பழக்கிவிட்டு முடித்துக்கொள்வது எனக்கு வருத்தம்தான்.

இன்னொன்று, காத்திருக்கும் மனம். 2024 மே மாதம் பஹாமாஸில் நடந்த உலக ரிலே போட்டியின் முதல் சுற்றில் ராஜேஷுக்குத் தசைப்பிடிப்பு ஏற்பட்டு அணி ஓட்டத்தை முடிக்கவில்லை. மறுநாள் அவர் இடத்தில் இறங்கியவர் ராஜீவ். 2014 ஆசியப் போட்டியில் 400 மீட்டர் வெண்கலம் வென்றவர், பத்தாண்டுக்குப் பிறகும் தயாராக இருந்தார். அணி பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது.

பிளஸ் டூ முடிப்பதற்குள் 48 வினாடி என்று இலக்கு வையுங்கள். வேகம் கூட 200 மீட்டரையும் சேர்த்து ஓடட்டும். ரிலேவில் கடைசி ஆளாக மட்டுமல்ல, முதல் ஆளாகவும் ஓடவிடும்படி பயிற்சியாளரிடம் கேளுங்கள்.