டி.சி. இல்லாத தம்பி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மதுரையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பெண் ஒருத்தி ஆடிக்குப் பிறகு தினமும் தாமதமாக வர ஆரம்பித்தாள். கசங்கிய சீருடை, எழுதாத வீட்டுப்பாடம். இரண்டு முறை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அப்பா விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. மூன்று மாத வாடகை பாக்கிக்காகச் செல்லூரில் இருந்த அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அம்மா ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறார். சில நாள் தத்தனேரியில் சின்னம்மா வீட்டில் படுக்கிறார்கள். சித்தப்பா சத்தம் போடும் நாட்களில் சிம்மக்கல்லில் ஒரு கடை வாசல். உசிலம்பட்டிப் பக்கம் பாட்டியிடம் வளர்ந்த தம்பியும், பாட்டி இறந்தபின் இவர்களோடு வந்துவிட்டான். மூன்றாம் வகுப்பு. அவனைச் சேர்க்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். டி.சி., ஆதார், முகவரிச் சான்று இல்லாமல் முடியாது என்றார்கள். “ரெண்டு பேரையும் ஏதாவது ஹோம்ல சேத்துவிடுங்க, நல்லா இருக்கும்” என்கிறார்கள் சக ஆசிரியர்கள். “சின்னம்மா வீடுதான் இருக்கே” என்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன், அங்கே இதற்கென்றே சட்டம் இருக்கிறது என்றான். நமக்கு ஒன்றும் கிடையாதா? நான் என்ன செய்ய வேண்டும்?

பெயரை வெளியிட வேண்டாம்.

ஓர் ஆசிரியை, மதுரை

அன்புள்ள டீச்சர்,

பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றித்தான் உங்கள் கடிதத்தை வெளியிட்டிருக்கிறேன். தம்பியிலிருந்து தொடங்குகிறேன். அவனுக்குத்தான் ஒவ்வொரு நாளும் வீணாகிக்கொண்டிருக்கிறது.

உங்கள் அலுவலகம் சொன்னது தவறு. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். டி.சி. வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது, மறுக்கவும் கூடாது. டி.சி. கொடுக்கத் தாமதிக்கும் தலைமையாசிரியர்மீதுதான் ஒழுங்கு நடவடிக்கை வரும். 14ஆம் பிரிவின்படி வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. 15ஆம் பிரிவின்படி சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஆதாரைப் பள்ளிச் சேர்க்கைக்குக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

நடைமுறை இதைவிட எளிது, உங்களுக்கே தெரிந்திருக்கும். பையனுக்கு எமிஸ் எண் இருக்கும், கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண் அது. உசிலம்பட்டிப் பள்ளிக்கு ஒரு போன் போட்டு, அவனைக் காமன் பூலுக்கு, அதாவது பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு, விடச் சொல்லுங்கள். அங்கிருந்து உங்கள் பள்ளி எடுத்துக்கொள்ளலாம். அதுவரை அவன் வகுப்பில் உட்கார்ந்திருக்கட்டும்.

இனி உங்கள் அண்ணன் சொன்ன சட்டம். 1987இல் வந்த மெக்கின்னி–வென்டோ சட்டம் அது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, வீடற்ற பிள்ளை யார் என்று அது சொல்லும் விதம். இரவில் தங்குவதற்கு நிலையான, ஒழுங்கான, போதுமான இடம் இல்லாத பிள்ளை எல்லாம் அதில் அடக்கம். வீட்டை இழந்து, வேறு வழியில்லாமல் உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளையும் அடக்கம். நம்முடைய 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சாலையோரம், மேம்பாலத்தடி, ஹியூம் பைப், கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் போன்ற இடங்களில் இருப்பவர்களைத்தான் வீடற்றவர் என்று எண்ணியது. அப்படியே 17.7 லட்சம் பேர். உங்கள் மாணவி கடை வாசலில் படுக்கும் இரவில் இந்தக் கணக்குக்குள் வருவாள், சின்னம்மா வீட்டுத் திண்ணையில் படுக்கும் இரவில் வெளியே போய்விடுவாள். அவளுக்கு இரண்டும் ஒரே இரவுதான்.

எனக்கு இது தெரியும். பதினோரு வயதில், அப்பாவின் வியாபாரம் நொடித்துப்போய், திருமங்கலத்தில் மாமா வீட்டுப் பின்கட்டில் எட்டு மாதம் இருந்தோம். யார் கேட்டாலும் “மாமா வீட்ல இருக்கோம்” என்பேன். கேட்டவர்கள் திருப்தியாகப் போய்விடுவார்கள். அத்தை விளக்கை அணைக்கும் நேரம்தான் என் படிப்பு முடியும் நேரம். கைத்தொழில் ஆசிரியர் ஒருவர் மட்டும் எதையும் கேட்காமல், மாலை ஆறு மணி வரை அவருடைய அறையில் என்னை உட்காரவிட்டார். வாரத்தில் ஐந்து நாள், ஒரு மேஜை, ஒரு ட்யூப் லைட். அந்த வருஷம் நான் தேறியது அதனால்தான்.

அமெரிக்கச் சட்டத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. குடும்பம் எங்கே இடம் மாறினாலும், பிள்ளையின் நலனுக்கு அதுதான் நல்லதென்றால், பழைய பள்ளியிலேயே தொடரலாம். பஸ்ஸுக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இந்தப் பிள்ளைகளுக்குப் பொறுப்பான ஒருவர் இருக்க வேண்டும். நம் சட்டத்தின் 9ஆம் பிரிவு இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் கடமையை உள்ளாட்சியிடம் கொடுத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் சேர்ந்த பிள்ளை கார்த்திகை வரைக்கும் வருகிறாளா, தை பிறந்த பிறகும் வருகிறாளா என்று பார்ப்பதற்கென்று பள்ளியில் ஓர் ஆள் கிடையாது. உங்கள் பள்ளியில் அந்த ஆளாக நீங்கள் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உத்தரவு எதுவும் வராது, யாரும் பாராட்டவும் மாட்டார்கள். ஆனாலும் கேட்கிறேன்.

முதலில், தாமதத்துக்காக அவளை இனி வெளியே நிற்க வைக்காதீர்கள். நான்கு செட் சீருடையில் ஒன்று பள்ளி பீரோவில் இருக்கட்டும். புத்தகப் பையையும் அவள் அங்கேயே வைத்துவிட்டுப் போகட்டும். மழையில் கடை வாசலில் முதலில் நனைவது பைதான். குடும்பம் நாளை அவனியாபுரமோ ஊமச்சிகுளமோ போனாலும் பள்ளியை மாற்ற வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அவள் வந்துவிடலாம்.

காலை உணவைக் கவனியுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதே நம் மதுரையில்தான், கீழ அண்ணாத்தோப்பு மாநகராட்சிப் பள்ளியில். ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். தம்பி சேர்ந்துவிட்டால் அவனுக்குக் காலையில் உப்புமாவோ பொங்கலோ கிடைக்கும். ஏழாம் வகுப்பு அக்கா அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு மதியம் வரை இருக்க வேண்டும். இது எனக்குத் தாங்கவில்லை. திட்டம் எட்டாம் வகுப்பு வரைக்குமாவது நீள வேண்டும். அதுவரை உங்கள் டிபன் பாக்ஸில் இரண்டு இட்லி கூடுதலாக வையுங்கள் என்று சொல்வதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை.

ஹோம் பற்றி. உங்கள் சக ஆசிரியர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இவர்களுக்குத் தாய் இருக்கிறார், உழைக்கிறார். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே, குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்கிறது. பாட்டியை இழந்துவிட்டு வந்த பையனிடமிருந்து அம்மாவையும் பிரிப்பதை நான் ஒப்பமாட்டேன். கணவர் கைவிட்டுப் போன தாய் என்பதால் மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். நகரத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும், நீங்கள் கூடப் போனால் அம்மா தயங்கமாட்டார். அந்தப் பணம் செல்லூரில் ஓர் அறைக்கு வாடகையாகும். கடை வாசலில் யாராவது தொந்தரவு செய்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு உடனே போன் போடச் சொல்லுங்கள். இரவிலும் எடுப்பார்கள்.

அவள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் முடித்துவிட்டால், கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும் என்பதை அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள். பெண்ணை வேலைக்கு அனுப்பலாமா என்ற யோசனை அவருக்கு வராமல் இருக்காது.

திங்கட்கிழமை அம்மாவின் கையெழுத்தோடு தம்பியின் சேர்க்கை மனுவை எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள். அப்படியும் நடக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். அடுத்த வாரம் மதுரையில்தான் இருப்பேன், உங்களோடு அலுவலகத்துக்கு வருகிறேன்.