ஹெரெஸில் பள்ளிவாசலைத் தேடுபவருக்கு

கேள்வி: ஸ்பெயினின் செவியாவிலிருந்து ஒரே நாளில் ஹெரெஸ் தெ லா ஃப்ரோந்தேரா போய்வர எண்ணம். அங்குள்ள தேவாலயங்கள் எல்லாமே பழைய பள்ளிவாசல்கள்தான் என்கிறார் நண்பர். உண்மையா? எங்கே தொடங்கலாம்? அப்புறம், அந்தப் பெயரில் ‘எல்லை’ (ஃப்ரோந்தேரா) எதற்கு?

பதில்: 1264இல் காஸ்தீலின் கிறிஸ்தவ அரசர் பத்தாம் அல்ஃபோன்சோ இந்த ஊரைப் பிடித்தார். கிரனாதாவின் முஸ்லிம் அரசோ 1492 வரை நின்றது. இடைப்பட்ட காலம் முழுக்க ஹெரெஸ் எல்லையில் காவல் காத்த ஊர். பக்கத்தில் ஆர்கோஸ், வெஹெர் ஆகிய ஊர்களின் பெயருக்கும் இதே ‘தெ லா ஃப்ரோந்தேரா’ வால் உண்டு.

நண்பர் சொன்னது பாதிதான் சரி. பள்ளிவாசலாகவே பார்க்க வேண்டுமென்றால் அல்காசர் கோட்டைக்குப் போங்கள். செவியாவிலிருந்து ஹெரெஸுக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். இறங்கியதும் முதல் வேலை அதுவாக இருக்கட்டும். கோட்டைக்குள் இருப்பது அல்மொஹத் என்ற முஸ்லிம் அரச மரபின் காலத்துச் சின்னப் பள்ளிவாசல். சதுரச் சுவர்கள் மேலே போகப்போக எண்கோணமாகிக் குவிமாடத்தில் முடிகின்றன. மினாரா, மிஹ்ராப் (தொழும் திசையைக் காட்டும் மாடம்), உளூ (தொழுகைக்கு முன் கைகால் கழுவுதல்) செய்யும் முற்றம் எல்லாம் இருக்கின்றன. அல்ஃபோன்சோ இதை இடிக்காமல் மாதாவுக்கு ஆலயமாக்கினார். அதனால்தான் தப்பியது. அங்கே அவசரப்படாதீர்கள்; என் கணக்கில் ஊரிலேயே சிறந்த இடம் அதுதான்.

ஊர் மதிலுக்குள் அல்ஃபோன்சோ அமைத்த பங்குகள் (தனித்தனித் தேவாலயம் கொண்ட வட்டாரங்கள்) ஆறு: மீட்பர், புனித தியோனிசியு, கூடவே மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று நற்செய்தியாளர் நால்வரும். ஊரைப் பிடித்தது தியோனிசியு திருநாளான அக்டோபர் 9 என்பது மரபு; அவர் பெயர் வந்த காரணம் அதுவே.

குழப்பம் இங்கேதான் வரும். தியோனிசியுவின் பங்குத் தேவாலயமான சான் தியோனிசியோவின் மரக் கூரையைப் பார்த்ததும் ‘இதுவும் பள்ளிவாசல்தான்’ என்று தோன்றும். ஆனால் இப்போது நிற்கும் கட்டடம் பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டுடையது, தேவாலயமாகவே எழுந்தது. கைவேலை மட்டும் முஸ்லிம் தச்சர், கொத்தர் மரபு. இந்தப் பாணிக்கு முதேஹர் என்று பெயர்.

பெரிய பள்ளிவாசல் இருந்த இடத்தில் இன்று பேராலயம் நிற்கிறது. கட்டியது 1695 முதல் 1778 வரை. பழையதைத் தேடி உள்ளே அலைய வேண்டாம். தனியாக நிற்கும் மணிக்கோபுரத்தை மட்டும் நின்று பாருங்கள்.

மதியம் பல தேவாலயங்களைப் பூட்டிவிடுவார்கள். சான் தியோனிசியோ பூட்டியிருந்தாலும், அதையொட்டிய காவல் கோபுரத்தைத் தெருவிலிருந்தே பார்க்கலாம்.