அவசரத்துக்கு யாரை அழைப்பது?

வாசகர் கேள்வி:

அம்மா, வணக்கம். எனக்கு 41 வயது. பத்து ஆண்டுகள் ராணுவத்தில் அதிகாரியாக இருந்தேன். மூன்று ஆண்டுகளாகத் தென் சூடானில் ஐ.நா. அமைதிப் பணியில் பாதுகாப்புத் தகவல் ஆய்வாளராக இருக்கிறேன். குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லாத இடம் இது. மனைவி மதுரையில் பள்ளி ஆசிரியை. மகளுக்கு 12 வயது, மகனுக்கு 7. என் அம்மாவும் அவர்களோடுதான் இருக்கிறார். போன ஆண்டு அப்பா தவறியபோது நான் ஊர் வந்துசேர இரண்டு நாள் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி முதல் ஐஸ்பெட்டி வரை மனைவிதான் பார்த்துக்கொண்டாள். இப்போது என் ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டு நீட்டிக்கிறார்கள். "போதும், வந்துவிடுங்கள்" என்கிறாள் அவள். இந்தச் சம்பளம் ஊரில் கிடைக்காது. வேலையும் எனக்குப் பிடித்திருக்கிறது. அவள் பயந்த சுபாவம். அலுவலகத்தில் அவசரத் தொடர்புக்குக்கூட, அவள் பதறிவிடுவாள் என்று என் அத்தானின் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறேன். அவர் நிதானமானவர். நான் செய்வது நாற்காலி வேலைதான் என்பதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஜூபா, தென் சூடான் (நான்கு பக்கக் கடிதம் சுருக்கப்பட்டிருக்கிறது)

பதில்:

தம்பி, உங்கள் நான்கு பக்கத்தில் சம்பளத்துக்கு ஒரு பக்கம், வேலையின் பெருமைக்கு ஒன்றரைப் பக்கம் போயிருக்கின்றன. அவற்றை ஒரு முறை படித்தேன். அத்தானின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன் என்ற வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். என் பதில் அந்த வரிக்குத்தான்.

வளைகுடாவில் இருப்பவர்கள், கப்பலில் இருப்பவர்கள், எல்லையில் காவல் நிற்பவர்கள் என்று எத்தனையோ பேர் இதே கேள்வியோடு எனக்கு எழுதியிருக்கிறார்கள். மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அவளுக்குப் புரிந்திருக்கிறது, அதனால்தான் வரச் சொல்கிறாள் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

பயந்த சுபாவம் என்று எழுதுகிறீர்கள். அதற்கு மூன்று வரி முன்னால் உங்கள் அப்பாவின் சாவு வருகிறது. இரண்டு நாள் ஐஸ்பெட்டி என்றால் என்னவென்று நான் சொல்கிறேன். நீங்கள் அங்கே இல்லை, அதனால் சொல்கிறேன். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று இரவெல்லாம் அந்தப் பெட்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். அழுது மயங்கும் மாமியாருக்குக் காபியைக் கொடுத்து மாத்திரையை விழுங்கவைக்க வேண்டும். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் படுக்கவைக்க வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும் ஒவ்வொருவரும் "மகன் எப்போது வருகிறான்?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும், உங்களை விட்டுக்கொடுக்காமல், விமானம் கிடைக்கவில்லை என்று பதில் சொல்ல வேண்டும். இரண்டு நாள் இதைச் செய்த பெண் ஒரு தொலைபேசி அழைப்பைத் தாங்க மாட்டார் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? உங்கள் அலுவலகத்தில் யாராவது இப்படி ஓர் ஆய்வறிக்கை எழுதிக்கொண்டு வந்தால் கையெழுத்துப் போடுவீர்களா?

உங்கள் வேலையைப் பற்றி நீங்களே எழுதியதை எடுத்துக்கொள்கிறேன். போர் (Bor) என்ற பெயருள்ள ஊருக்குப் போகும் சாலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதாக ஒரு செய்தி வருகிறது. சொன்னவர் நேரில் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா, அவர் எந்தத் தரப்பு என்று பார்க்கிறீர்கள். அவரோடு தொடர்பில்லாத இன்னொருவர் வாயிலிருந்தும் அதே செய்தி வரும்வரை காத்திருக்கிறீர்கள். பிறகுதான் காலை அறிக்கையில் அது ஏறுகிறது, அதை வைத்து வாகன வரிசை கிளம்புகிறது, அல்லது நிற்கிறது. சாலையோரத்தில் தேநீர் விற்கும் ஒரு பெண்ணைப் பற்றி ஆசையாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது இதுவரை பொய்த்ததில்லை என்றும், அவர் கடை போடாத நாளில் நீங்கள் வண்டிகளை அனுப்பத் தயங்குவீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மொழி தெரியாத ஊரில், முகம் மட்டுமே பழகிய அந்தப் பெண்ணிடம் அபாயத்தைப் பற்றிப் பேச உங்களால் முடிகிறது. பதினான்கு ஆண்டுகள் உங்களோடு வாழ்ந்தவரிடம் முடியவில்லை.

2025 மார்ச் 7 அன்று தென் சூடானின் நாசிர் என்ற ஊரில் ஐ.நா. ஹெலிகாப்டர் சுடப்பட்டு ஊழியர் ஒருவர் இறந்த செய்தியை நீங்களே குறிப்பிடுகிறீர்கள். அன்று இரவு வீட்டுக்குப் பேசியபோது "இங்கே வெயில்தான் தாங்கவில்லை" என்று மட்டும் சொன்னீர்களாம். உங்கள் மனைவி ஆசிரியை, கையில் கைபேசி இருக்கிறது. மூன்று ஆண்டுகளில் ஓர் இரவாவது ஜூபா என்று தேடிப் பார்க்காமல் தூங்கியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? நாசிர் ஜூபாவிலிருந்து எவ்வளவு தூரம், இறந்தவர் யார், உங்கள் கூடத்தில் இருப்பவரா என்று எதுவும் தெரியாமல், வெயிலைப் பற்றி நீங்கள் சொல்வதை "உம்" கொட்டிக் கேட்டிருப்பார். நீங்கள் அலுவலகத்தில் வதந்தி என்று ஒதுக்கிவைப்பதைத்தான் அவர் ஒவ்வொரு இரவும் விழுங்கிக்கொண்டிருக்கிறார். உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும், அவருக்கு அது உறுதிப்பட்ட செய்தி. அதைத்தான் நீங்கள் தர மறுக்கிறீர்கள்.

நாற்காலி வேலை என்று அவரை நம்பவைக்க என் உதவியைக் கேட்கிறீர்கள். செய்ய மாட்டேன். 2013 ஏப்ரல் 9 அன்று அதே தென் சூடானின் ஜோங்லே மாநிலத்தில் வாகன வரிசை ஒன்றைப் பதுங்கியிருந்து தாக்கினார்கள். நம் நாட்டு வீரர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களோடு சீருடை அணியாத ஏழு பேரும் இறந்தார்கள், அதில் இரண்டு பேர் ஐ.நா.வின் சிவில் ஊழியர்கள். 2016 ஜூலையில் ஜூபாவிலேயே சண்டை வெடித்தபோது ஐ.நா. வளாகத்தைக் காத்து நின்ற சீன வீரர்கள் இருவர் இறந்தார்கள். வளாகத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு விடுதியில் சிக்கியவர்கள் உதவி கேட்டுக் கதறியும் அமைதிப்படை போகவில்லை. அதை விசாரித்த பிறகு படைத் தளபதியையே நீக்கினார்கள். இவையெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே நாற்காலி என்கிறீர்கள்.

உங்கள் துறை எப்படி வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாதில் கனால் ஹோட்டலில் இருந்த ஐ.நா. அலுவலகத்தை ஒட்டிக் குண்டு நிரப்பிய லாரி வெடித்தது. ஈராக்கில் ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதியாக இருந்த செர்ஜியோ வியெரா டி மெலோவோடு சேர்த்து 22 பேர் இறந்தார்கள். பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அட்டிசாரி தலைமையிலான குழு விசாரித்து, ஐ.நா.வின் பாதுகாப்பு ஏற்பாடு செயலற்றுக் கிடந்தது என்று முகத்துக்கு நேராகச் சொன்னது. அதன் பிறகுதான் 2005-இல் தனியாக ஒரு பாதுகாப்புத் துறை உருவானது. ஆபத்துக்குள் நிற்கும் ஒருவருக்கு அந்த ஆபத்தின் அளவைச் சொல்லியாக வேண்டும் என்பதற்காகத்தான் உங்களைப் போன்றவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த வேலையை நான் மதிக்கிறேன். உங்களை விட்டுவிட்டு வரச் சொல்லவும் இல்லை.

இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஆபத்தை எடைபோட்டுச் சொல்வதோடு சரி, அதை ஏற்பதா வேண்டாமா என்பது பொறுப்பில் உள்ள உயர் அதிகாரியின் முடிவு. முடிவைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் ஆய்வாளரை உங்கள் அலுவலகம் ஒரு நாள் வைத்திருக்காது. வீட்டில் மட்டும் நீங்களே ஆய்வாளர், நீங்களே அதிகாரி. உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் அடுத்த முப்பது ஆண்டு அதைச் சுமக்கப்போகிறவர் அந்தக் கூட்டத்துக்கே அழைக்கப்படவில்லை.

இனி அந்த எண்ணுக்கு வருகிறேன். ஒரு நள்ளிரவில் உங்கள் அலுவலகம் அத்தானை அழைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிதானமானவர், சரி. முதலில் உங்கள் அக்காவை எழுப்புவார். அக்கா அழுவார். பிறகு ஒரு சித்தப்பாவுக்குப் போன் போகும். பெரியவர்கள் நாலு பேர் கூடி, "இப்போது சொல்ல வேண்டாம், காலையில் பார்க்கலாம்" என்பார்கள். காலையில் "இன்னும் சரியான தகவல் வரட்டும்" என்பார்கள். மதியத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். உங்கள் மனைவி பள்ளியில் கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார். தலைமை ஆசிரியர் வந்து, "கொஞ்சம் வீட்டுக்குப் போய்விட்டு வாங்கம்மா" என்பார்.

இது என் கற்பனை இல்லை. என் பெரியக்காவின் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்தார். அவரும் உங்களைப் போலவே, அவள் பயப்படுவாள் என்று தன் அண்ணனின் முகவரியைத்தான் கம்பெனியில் கொடுத்திருந்தார். எங்கோ ஒரு துறைமுகத்தில் சரக்கு சரிந்து அவர் இடுப்பு முறிந்துவிட்டது. தந்தி அண்ணன் வீட்டுக்கு வந்தது. மூன்று நாள் அது அவருடைய சட்டைப் பையிலேயே மடித்தபடி இருந்தது. அந்த மூன்று நாளில் ஊரில் மாரியம்மன் திருவிழா. அக்கா பச்சைப் பட்டுக் கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, முளைப்பாரி பார்க்கப் போனாள். தெருப் பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அன்று நானும் கூட இருந்தேன், எனக்குப் பத்து வயது. நாலாம் நாள் தந்தியைக் காட்டியபோது அவள் அழவில்லை. தாளைப் பிரித்து, மேலே இருந்த தேதியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அத்திம்பேர் பிழைத்துக் கோலூன்றி வந்துவிட்டார். பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள். அந்தப் பச்சைப் புடவையை மட்டும் அவள் மறுபடி கட்டவே இல்லை. இடுப்பு முறிந்ததை அவள் அவரிடம் குறையாகச் சொன்னதில்லை. "திருவிழாவில் என்னைப் பைத்தியக்காரி மாதிரி நிற்கவைத்துவிட்டீர்கள்" என்பதைச் சாகும்வரை சொன்னாள்.

எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். தாலி கட்டியவளுக்குத்தான் முதல் அழைப்பு வர வேண்டும். அவள் பதறுவாள். பதறட்டும். பதற அவளுக்கு உரிமை இருக்கிறது. அந்தப் பதற்றத்தை ஆண்கள் நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து அளந்து கொடுக்க வேண்டியதில்லை.

நாளைக் காலை அலுவலகம் போனதும் அந்தப் படிவத்தைத் திருத்துங்கள். மனைவியின் எண், அடுத்ததாகப் பள்ளியின் எண், மூன்றாவதாக வேண்டுமானால் அத்தான். காப்பீடு யார் பெயரில் இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். அங்கேயும் இதே போல் ஏதாவது செய்து வைத்திருப்பீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

நீட்டிப்பில் கையெழுத்துப் போடும் முன் ஊருக்கு வாருங்கள். கிடைக்கிற சில நாள் ஓய்வை உகாண்டாவின் எண்டெபேயில் ஏரிக்கரையில் கழிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓய்வு தேவைதான், ஆனால் இந்த முறை மதுரைக்கு வாருங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு ஒரு முழு நாளை மனைவிக்கு ஒதுக்குங்கள். ரகசியக் கோப்புகளைப் பற்றிப் பேசச் சொல்லவில்லை. நீங்கள் எங்கே தூங்குகிறீர்கள், எந்தச் சாலையில் போகிறீர்கள், மாலையில் ரேடியோவில் உங்கள் பெயரைக் கூப்பிட்டுச் சரிபார்க்கிறார்களே அது எதற்கு, சண்டை வந்தால் எங்கே பதுங்குவீர்கள், விமானம் எங்கிருந்து கிளம்பும், எத்தனை நேரம் உங்களிடமிருந்து செய்தி வராமல் இருந்தால் அவர் கவலைப்பட வேண்டும் என்பதையெல்லாம் சொல்லுங்கள். நாசிர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டுங்கள். மகளும் கேட்க வந்தால் விரட்டாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு உங்கள் வீட்டில் எதை மறைக்கிறார்கள் என்று ஏற்கெனவே தெரியும்.

சொல்லி முடித்த பிறகு, இன்னும் ஓராண்டா, வேண்டாமா என்று அவரிடம் கேளுங்கள். சரி என்று அவர் சொல்லவும் கூடும். உங்களைவிட அவருக்குத் துணிச்சல் அதிகம் என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் படுகிறது. வேண்டாம் என்று சொன்னால், சம்பளக் கணக்கை எடுத்துக்கொண்டு மறுபடி எனக்கு எழுதாதீர்கள், பெட்டியைக் கட்டுங்கள். மூன்று ஆண்டுகள் உங்கள் அம்மாவையும் அப்பாவையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவரின் சொல்லுக்கு அதுகூடப் பெறாதா?

கடைசியாக ஒன்று. நான்கு பக்கத்திலும் அத்தானின் பெயரை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். தேநீர் விற்கும் பெண்ணின் பெயரைக்கூட எழுதியிருக்கிறீர்கள். மனைவியின் பெயரைத் தேடிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. படிவத்தில் முதல் வரியில் அதை எழுதுங்கள்.