டீட் பிறகு வரும் என்றால் முற்பணம் கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். வெள்ளவத்தையில் கடல் பக்க ஒழுங்கை ஒன்றில் கட்டி முடிந்த பிளாட். உடனே குடிபோகலாம், டீட் (வீட்டை உங்கள் பேருக்கு எழுதுகிற உறுதிப் பத்திரம்) மட்டும் ஆறு மாதத்தில் வரும் என்கிறார் கட்டியவர். விலையும் அக்கம்பக்கத்தைவிடக் குறைவு. முற்பணம் கொடுக்கலாமா, இல்லை கொட்டாஞ்சேனைப் பக்கம் பழைய வீடொன்றைக் கடனில் வாங்கித் திருத்தலாமா என்று கேட்கிறீர்கள். வயதில் என்னைவிடக் குறைந்தவராகத்தான் இருப்பீர்கள், தம்பி என்றே எழுதுகிறேன்.

கொடுக்காதீர்கள் தம்பி. நான் சட்டத்தரணி இல்லை, ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவள். ஆனால் நீங்கள் கேட்ட இரண்டும் எங்கள் வீட்டில் நடந்தவை. முதலாவதை அப்பா செய்தார், இரண்டாவதை நான் செய்தேன்.

1995 இடப்பெயர்வுக்குப் பிறகு வவுனியா வழியாக நாங்கள் கொழும்புக்கு வந்து சேர்ந்தது 1996இல். முதலில் லொட்ஜ் அறை, பிறகு ஒரு வீட்டின் பின்பக்கம். வாடகைக்கு இடம் கேட்டுப் போனால் ஒரு வருட முற்பணம் கேட்பார்கள், பொலிஸ் பதிவு வைத்திருக்கிறீர்களா என்பார்கள், ஊரைச் சொன்னதும் சிலர் கதவைச் சாத்துவார்கள். அந்த நேரத்தில்தான் வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை பிளாட் எழும்பத் தொடங்கியது. 1998இல் அப்பா தன் ஓய்வூதியத்தோடு கிடைத்த மொத்தக் காசையும் கனடாவிலிருந்து அண்ணா அனுப்பியதையும் சேர்த்து மூன்றாம் மாடியில் ஒன்று வாங்கினார். கையில் கிடைத்தவை ஒரு உடன்படிக்கை, இரண்டு திறப்பு, "டீட் பிறகு வரும் ஐயா" என்ற ஒரு சொல். படித்த மனிசன் ஏன் இப்படி ஏமாந்தார் என்று கேட்கிறவர்கள் இருப்பீர்கள். ராத்திரியில் கதவு தட்டுப்பட்டால் இது என் வீடு என்று சொல்ல முடிவது அன்றைக்கு எங்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது அதை அனுபவித்தவர்களுக்குத்தான் விளங்கும். அப்பாவை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

2012இல் அப்பாவுக்கு பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். பிளாட்டை ஈடு வைத்துக் கடன் எடுப்போம் என்று அப்பாவும் நானும் ஒரு வங்கிக்குப் போனோம். பைலை விரித்துப் பார்த்த பிள்ளை தமிழ்ப் பிள்ளைதான், மரியாதையாகத்தான் கதைத்தாள். "ஐயா, இது விற்கிறதாக உடன்பட்ட பத்திரம். விற்ற பத்திரம் இல்லை."

அப்பா 31 வருடம் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர். மற்றவர்களின் பைலில் ஒரு கையொப்பம் குறைந்தாலும் திருப்பி அனுப்பியவர். அவர் ஒன்றும் பேசவில்லை. தாள்களின் விளிம்பை மேசையில் தட்டி ஒழுங்காக்கி, அந்தச் சிவப்பு நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டார். விரல் நடுங்கியதால் முடிச்சு விழ நேரம் எடுத்தது. நான் உதவப் போனபோது கையைத் தள்ளிவிட்டார். சத்திரசிகிச்சை அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வந்து ஐந்து மாதம் கழித்து நடந்தது. பிழைத்தார், 2016 வரை இருந்தார். ஆனால் அந்தப் பைலை அவர் திரும்ப அவிழ்க்கவில்லை.

விசயம் என்னவென்று பிறகு நான் அலைந்து தெரிந்துகொண்டேன். தொடர்மாடியில் ஒரு தனி வீட்டை உங்கள் பேரில் எழுதுவதற்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்படி கட்டடம் முழுவதையும் தனித்தனி வீடுகளாகப் பிரித்துக் காட்டுகிற கூட்டாதன வரைபடம் ஒன்று காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். அது பதிந்த பிறகுதான் மூன்றாம் மாடி வீடு சட்டத்தின் கண்ணில் ஒரு தனிச் சொத்து. அதுவரைக்கும் நிலமும் அதன்மேல் நிற்பதும் காணிக்காரருடையது. அனுமதித்த பிளானின்படி கட்டினார் என்ற இணக்கச் சான்றிதழ் இல்லாமல் வரைபடம் நகராது. எங்கள் கட்டடத்துக்கு அனுமதி ஐந்து மாடிக்கு. நிற்பது ஏழு. நீங்கள் பார்க்கும் பிளாட் விலை குறைவு என்றீர்களே, அனுமதிப் பத்திரத்தில் எத்தனை மாடி என்று முதலில் பாருங்கள்.

எல்லாக் கட்டுநர்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக டீட் எழுதிக் கொடுத்தவர்கள் வெள்ளவத்தையிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள், என் சிநேகிதி ஒருத்தி சாவி வாங்கிய மாதமே உறுதியும் வாங்கினாள். அதனால்தான் அடித்துச் சொல்கிறேன்: கொடுக்கிறவர் கொடுக்கத்தான் செய்கிறார். உங்களவர் ஆறு மாதம் என்றால், ஆறு மாதம் கழித்து முழுக் காசையும் வாங்கட்டும்.

இனி என் வீடு. 2019இல் கொட்டாஞ்சேனையில் ஓட்டுவீடு ஒன்று விலைக்கு வந்தது. பழைய பிளானில் நிலம் 4.6 பேர்ச், ஒரு பேர்ச் 33 லட்சம். விற்பவர் வெளிநாட்டில், அவருக்காகக் கையெழுத்துப் போடுகிற அதிகாரப் பத்திரத்தை (அட்டோனி தத்துவம்) வைத்துக்கொண்டு மச்சான் ஒருவர் கதைத்தார். தரகர் அவசரப்படுத்தினார், இன்னொரு பார்ட்டி நிற்கிறது என்றார். நான் அப்பாவின் முடிச்சை நினைத்துக்கொண்டு, சட்டத்தரணி ஆள் அனுப்புகிறேன் என்று சொன்னபோதும் கேட்காமல், நானும் காணிப் பதிவகத்துக்குப் போனேன்.

அந்தப் பதிவேட்டை நீங்கள் ஒருக்கா கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு கையாலும் தூக்குகிற பெரிய புத்தகம், மூலைகள் தேய்ந்து நார் நாராகிப்போனவை. ஒரு காணிக்கு நடந்த எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்: யார் விற்றது, யார் வாங்கியது, எந்த நொத்தாரிசு, என்ன திகதி. பக்கம் நிரம்பினால் தொடர்ச்சி எந்தப் பக்கம் என்று ஒரு இலக்கம். 30 வருடத்துக்குப் பின்னோக்கிப் போவது வழக்கம். நான் பக்கம் பக்கமாகப் போனதில், தாய் மகனுக்கு எழுதிய நன்கொடை உறுதி ஒன்று வந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில், சீவிய உருத்து தாய்க்கு.

தரகரிடம் கேட்டேன். "அது சும்மா ஒரு எழுத்து அக்கா" என்றார். அந்த அம்மா சும்மா எழுத்து இல்லை. வீடு பார்க்கப் போன மூன்று தடவையும் முன்னறையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார், 84 வயது, எனக்குத் தேத்தண்ணி தந்தவர். அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் வாங்கியிருந்தால், அவர் சாகும்வரை அந்த வீட்டில் இருக்கிற உரிமை அவருடையது. நான் அவர் பக்கத்தில் இருந்து கேட்டேன், "அம்மா, உங்களுக்கு இது தெரியுமா?" தெரியாது. மகன் தன்னை வெளிநாட்டுக்குக் கூப்பிடப் போகிறான் என்று மட்டும் தெரியும். பயணத்துக்கான கடதாசிகள் வந்து, அவருடைய மகளும் வந்து பக்கத்தில் நின்று, உறுதியில் அம்மாவும் ஒப்பமிட்ட பிறகுதான் நான் மிச்சக் காசைக் கொடுத்தேன். நாலு மாதம் தாமதம். தரகர் இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை.

அளந்தும் பார்த்தோம். நில அளவையாளர் புதிதாக அளந்தால் 4.25 பேர்ச்தான். பக்கத்து மதில் எப்போதோ உள்ளே வந்திருக்கிறது. குறைந்தது 95 சதுர அடி, ஒரு சின்ன அறை. ஒரு கோடி 52 லட்சம் என்று நின்ற விலை ஒரு கோடி 40 லட்சத்துக்கு இறங்கியது. முத்திரைத் தீர்வையையும் கணக்கில் வையுங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள்: முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். எனக்கு வந்தது 5 லட்சத்து 59 ஆயிரம். சட்டத்தரணியின் கட்டணம் வேறு.

கடன் விசயத்தில் நான் பிழைவிட்டேன். கணக்கு எழுதுகிறவள், அப்படியிருந்தும் விட்டேன். 60 லட்சம், 15 வருடம், மாறும் வட்டி. வங்கிகள் நல்ல வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற முதன்மை வட்டி வீதத்துக்கு மேல் ஒன்றரை வீதம். 2020 தொடக்கத்தில் எடுக்கும்போது அந்த வீதம் 10க்குக் கிட்ட, என் தவணை 69 ஆயிரம். அடுத்த வருடம் வட்டி இறங்கியது, நான் சந்தோசப்பட்டேன். அந்தத் தைரியத்தில்தான் 2021 கடைசியில் மேல்மாடி வேலையும் தொடங்கினோம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 வீதம் கூட்டியது. வருடம் முடியும்போது முதன்மை வீதம் 27ஐத் தாண்டி நின்றது. 2023 தையில் எனக்கு வந்த தவணை ஒரு லட்சத்து 32 ஆயிரம். அதில் முதலுக்குக் கழிந்தது ஐயாயிரம்கூட இல்லை. ஆயிரத்து முந்நூறுக்குள் வாங்கிய சீமெந்துப் பை மூவாயிரமாகியிருந்தது. மேல்மாடித் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. துரு ஏறக்கூடாது என்று நானும் என் கணவருமாக ஏணியில் ஏறிக் கம்பி கம்பியாகச் சீமெந்துக் கரைசல் பூசினோம். என் தாலிக்கொடி ஒன்பது மாதம் அடகில் கிடந்தது. 2023 முடிவில் வீதம் 12க்கு வந்ததால் தப்பினோம்.

அதனால் தம்பி, கடன் எடுத்தால் முதல் சில வருடமாவது நிலையான வட்டி கேளுங்கள், ஒரு வீதம் கூடப்போனாலும் பரவாயில்லை. தவணை இரட்டித்தால் ஆறு மாதம் தாங்குமா என்று பாருங்கள். தாங்காது என்றால் சின்ன வீடு பாருங்கள்.

பழைய வீட்டில் கூரைக்கென்று காசு தனியாக ஒதுக்குங்கள். எங்கள் வீட்டு வேலை செய்த பாஸ் கைமரத்தில் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றினார், பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே பெயின்ட் பளபளப்பு, உள்ளே முழுக்கக் கறையான். வாங்க முதலே ஒரு பாஸைக் கூட்டிக்கொண்டு போய் ஓட்டைக் கழற்றிப் பார்த்திருந்தால் விலையில் இன்னும் இரண்டு லட்சம் குறைத்திருப்பேன். வீதிக்கோட்டுச் சான்றிதழும் எடுங்கள். நாளைக்கு ரோட்டை அகலிக்க உங்கள் முன்னறை போகுமா என்று அதில்தான் தெரியும்.

இதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மேல்மாடிப் பிளானுக்கு விண்ணப்பித்த ஒரு அலுவலகத்திலிருந்து எனக்கு மூன்று கடிதம் வந்தது, மூன்றும் தனிச் சிங்களத்தில். நான் விண்ணப்பம் எழுதியது தமிழில். 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. கவுண்டரில் நின்று தமிழில் ஒரு பிரதி தாங்கோ என்றேன், கொழும்பில் இருந்துகொண்டு சிங்களம் வாசிக்கத் தெரியாதா என்று கேட்டார்கள். எனக்குக் கதைக்கத் தெரியும், சட்ட வாசகம் வாசித்து விளங்கிக்கொள்ளத் தெரியாது. பக்கத்து வீட்டு நந்தா அக்கா, சிங்களப் பெண்மணி, ஒவ்வொரு கடிதத்தையும் வரி வரியாக எனக்குச் சொல்லித் தந்தார். இரண்டாவது கடிதத்தில் 14 நாள் கெடு இருந்தது. அவர் அன்றைக்கு ஊரில் இல்லாமல் போயிருந்தால் என் விண்ணப்பம் தள்ளுபடி. இதைப் பற்றி எழுதினால் இனவாதம் கதைக்கிறேன் என்று யாராவது வருவீர்கள். என் பேரில் வருகிற கடிதம் எனக்கு விளங்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

அப்பாவின் பிளாட்டில் இப்போது அம்மா இருக்கிறார். விற்கவும் முடியாது, ஈடு வைக்கவும் முடியாது. அண்ணா டெலிபோனில் வரும்போதெல்லாம் "நீங்கள் அங்கே இருந்து என்ன பார்த்தனீங்கள்" என்கிறார். அவருடைய உழைப்பும் அதில் போனது, கோபம் நியாயம். போன மாதம் 21 வீட்டுக்காரரையும் ஒன்றாக்கி, தண்டம் கட்டியாவது கூடுதல் மாடிகளுக்கு அனுமதி எடுத்து வரைபடம் பதிய வழி உண்டா என்று ஒரு சட்டத்தரணியைப் பிடித்திருக்கிறேன். எல்லாரும் ஒப்பமிட வேண்டும். பாதிப் பேர் வெளிநாட்டில், இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், பிள்ளைகளைத் தேடுகிறோம். அப்பாவின் சிவப்பு நாடாவை நான்தான் அவிழ்த்தேன். இதுவரைக்கும் ஒன்பது கையெழுத்து.