துண்டுக்கட்டையில் காய்ப்பலகை: தராசில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி (அம்மாப்பேட்டை, சேலம்): மர அறுவை மில்லில் தேக்கு, பலா துண்டுகளைக் கிலோ கணக்கில் கொடுக்கிறார்கள். 14-க்கு 10 அங்குலத்தில் காய் நறுக்கும் பலகை ஒன்று செய்ய எவ்வளவு வாங்க வேண்டும்? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: ஒரு அங்குல கனத்தில் அந்த அளவுப் பலகை 140 கன அங்குலம். உலர்ந்த தேக்காக இருந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மி.மீ. தின்னும், இழைப்புளி கொஞ்சம் எடுக்கும், வெடித்த முனைகளைக் கழிக்க வேண்டும். எனவே 3 கிலோ வாங்குங்கள்.

ஆனால் பச்சைக்கட்டையைக் கிலோவில் வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். பாதி காய்ந்தது என்று தருவதில்கூட மூன்றில் ஒரு பங்கு ஈரம் இருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தராசில் வைத்து, எடையையும் தேதியையும் பென்சிலால் கட்டையிலேயே எழுதி, நிழலில் காற்றோட்டமாக அடுக்குங்கள். வாரம் ஒருமுறை நிறுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை குறையாமல் நின்றால்தான் அறுக்கலாம். முனைகளில் மெழுகு தடவி வைத்தால் வெடிப்பு குறையும்.

வைரம் பாய்ந்த பகுதியாகப் பாருங்கள். வெளிறிய ஓரத்தில் ஊசித்துளையும் மாவு போன்ற பொடியும் தெரிந்தால் வண்டு உள்ளே இருக்கிறது, விட்டுவிடுங்கள். இடித்த வீட்டுக் கதவு, ஜன்னல் சட்டம் மலிவுதான். ஆனால் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், சாப்பாட்டுச் சாமானுக்கு வேண்டாம். பேக்கிங் பெட்டிக் கட்டையில் ‘எம்.பி.’ (MB) முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதையும் தொடாதீர்கள். ‘எச்.டி.’ (HT) என்றால் சூடேற்றியது மட்டும்.

கேள்வி (ஏற்காடு): எஸ்டேட்டில் விழுந்த சில்வர் ஓக்கில் பலகை செய்து, சேலத்தில் இருக்கும் மகளுக்குக் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் நடுவில் பிளந்துவிட்டது. மரம் சரியில்லையா?

பதில்: மரத்தின் மேல் பழி போட வேண்டாம். மலையின் ஈரக்காற்றுக்கு ஏற்றபடி ஈரம் பிடித்திருந்த கட்டை, கீழே சேலத்து வெயிலுக்கு வந்ததும் சுருங்கியது. மரம் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், அதன் குறுக்குத் திசையைவிடச் சுமார் இரு மடங்கு சுருங்கும். அகலமான ஒற்றைப் பலகையில் அந்த இழுப்புக்குப் போக வழியில்லை, பிளக்கிறது. முனைகளில் குறுக்குச் சட்டம் ஒட்டியிருந்தால் நிச்சயம் பிளக்கும்.

பிளந்த கோட்டிலேயே நீளவாக்கில் அறுத்து, இரு விளிம்பையும் இழைத்து மறுபடி ஒட்டுங்கள். அடுத்த முறை, கட்டை எந்த வீட்டில் புழங்கப்போகிறதோ அங்கேயே சில வாரம் கிடக்கட்டும்.

சில்வர் ஓக் தேக்கைவிட மெத்து, கத்திக்கோடு சீக்கிரம் விழும். மிளகுக்கொடி ஏற்ற அருமையான மரம், பலகைக்குச் சுமார்தான். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும். முகக்கவசம் போட்டு இழையுங்கள். பலா கிடைத்தால் அதையே எடுப்போம்.

கேள்வி (குகை, சேலம்): ஒட்டிய இடம் மட்டும் விட்டுப்போகிறது. என்ன எண்ணெய் தடவுவது?

பதில்: சாதாரண வெள்ளைப் பசை தண்ணீருக்குத் தாங்காது. நீர் தாங்கும் மரைன் வகைப் பசை, அல்லது உணவுப் புழக்கத்துக்கு ஏற்றதென்று டப்பாவில் எழுதியது வாங்குங்கள்.

14-க்கு 10 அங்குலப் பலகைக்கு ஒன்றரை அங்குல அகலம், 15 அங்குல நீளத்தில் 7 பட்டைகள் போதும். பசையில்லாமல் சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கீற்று தெரிந்தால் இன்னும் இழைக்க வேண்டும். கிளாம்பை முறுக்கி இடைவெளியை மூடினால் அந்த இழுப்பே பிறகு ஒட்டைப் பிரிக்கும். தேக்கில் இயற்கை எண்ணெய் உண்டு, இழைத்த அன்றே அசிட்டோனில் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். 6 அங்குலத்துக்கு ஒரு கிளாம்ப், மேலும் கீழும் மாற்றி மாற்றி. விளிம்பு நெடுக முத்து முத்தாகப் பசை பிதுங்கினால் அளவு சரி, ஒழுகினால் அதிகம். 24 மணி நேரம் விடுங்கள்.

உப்புத்தாளை 80, 120, 180 என்ற எண் வரிசையில் தேயுங்கள். பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் நார் எழும், 220-ஆல் அதை வழியுங்கள்.

நல்லெண்ணெய், கடலை எண்ணெய் சிக்கு வாடை பிடிக்கும். பெயின்ட் கடை ஆளிவிதை எண்ணெயில் உலர்த்தும் உலோகச் சேர்மானம் இருக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் போதும். 4 பங்குக்கு 1 பங்கு தேன்மெழுகைக் கொதிநீரில் வைத்த பாத்திரத்தில் உருக்கிச் சேர்த்தால் இன்னும் நல்லது. இரு பக்கமும் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் பலகை வளையும். கழுவியதும் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள்.

கேள்வி (சூரமங்கலம்): ‘முழுத் தேக்கு’ என்று வாங்கிய பலகை, தண்ணீர் பட்டதும் ஓரத்தில் உரிகிறது.

பதில்: முனையைப் பாருங்கள். முழுக்கட்டையென்றால் மேலே ஓடும் ரேகை விளிம்பில் மடிந்து முனையில் வளைவுகளாகத் தொடரும். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட், அட்டைத்தூள் போலிருந்தால் எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை); மேலே ஒட்டியது வெறும் தேக்குத் தோல். பில், விளம்பரத்தின் படம், உரிந்த முனையின் படம் மூன்றையும் வைத்து விற்றவருக்கு எழுத்தில் கேளுங்கள். பணம் திரும்பாவிட்டால் 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. பில் இல்லாமல் வாங்கியிருந்தால் ஜிபே ரசீதையாவது அழிக்காமல் வையுங்கள்.